அதிர்வு: ஆவன செய்க

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது ஒரு ஜாப் கார்டில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்? நான் படிப்பேன். காகிதத்தைப் படித்தே முப்பத்தி நான்கு வருஷம் சம்பளம் வாங்கியவன், பழக்கம் போகவில்லை.

மாசி மாதம் என் காரை விடப் போனபோது குறையை ஒரு முழு வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வண்டி நிற்கும்போது மட்டும் உதறுகிறது. ஏ.சி. போட்டால் உதறல் கூடுகிறது. காலையில் எடுத்தவுடன் அவ்வளவாக இல்லை, என்ஜின் சூடேறிய பிறகுதான் அதிகம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது. ரோட்டில் ஓடும்போது ஒன்றுமே இல்லை. மூன்று வாரமாக இப்படி. இவ்வளவையும் வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். சர்வீஸ் அட்வைசர் தம்பி மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார். மடித்து டாஷ்போர்டு மேல் வைத்தார். கம்ப்யூட்டரில் அடித்தது ஒரே வரி: "வைப்ரேஷன் – செக் அண்ட் டூ தி நீட்ஃபுல்."

தமிழில் சொன்னால், ஆவன செய்க.

எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது. அந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை மனுக்களின் தலையில் எழுதியிருப்பேன்! "மனு இணைப்பில் காண்க. ஆவன செய்க." உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலே எழுதலாம் என்பதுதான் அதன் சௌகரியம். பட்டா கேட்டவர், பென்ஷன் கேட்டவர், வாய்க்கால் தகராறுக்காரர் எல்லோருக்கும் அது பொருந்தும். இன்றைக்கு என் காருக்கும் பொருந்திவிட்டது.

இது கார் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கான கட்டுரை. சண்டைக்கட்டுரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரோடு சண்டை என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வண்டி 2013 மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல். முதல் தடவை விட்டபோது த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள். பில் 3,150 ரூபாய். உதறல் அப்படியே இருந்தது. மறுபடி போனால், "சார், வண்டிக்கு வயசாச்சு, ஏ.சி. போட்டா கொஞ்சம் இருக்கும், அது நார்மல்தான்" என்றார்கள். நான் விடாமல் நிற்கவே, பானெட்டைத் திறந்து வலதுபக்க என்ஜின் மவுண்ட்டைக் காட்டினார்கள். ரப்பர் வெடித்திருந்தது, பொய்யில்லை. அதை மாற்றினார்கள். 5,400. நிற்கும்போது வந்த உதறல் போகவில்லை. போதாக்குறைக்கு, இதுவரை இல்லாத ஒரு "ர்ர்ர்" என்ற மெல்லிய நடுக்கம் ஸ்டியரிங்கில் ஏறிக்கொண்டது. நாற்பது, ஐம்பதில் போனால் உள்கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாம் தடவை போனபோது எஸ்டிமேட் கொடுத்தார்கள்: மீதி மவுண்ட்டுகள், நாலு இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் கிளீனிங், எல்லாம் சேர்த்து 26,800.

"இதெல்லாம் மாத்தினா கட்டாயம் சரியாயிடுமா தம்பி?"

"மாத்திப் பார்க்கலாம் சார்."

பார்க்கலாம்! அவர்கள் மாற்றுவார்கள், நான் காசு கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறாய் என்று சென்னையில் இருக்கும் பையன் கேட்டான். அவன் அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க் கோளாறு. மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் போய்க் காட்டி வர வேண்டும். போக நூறு கிலோமீட்டர், வர நூறு. நெடுஞ்சாலையில் கஷ்டமில்லை. அவினாசி ரோடு சிக்னல்களில் நிற்கும்போதுதான் அவள் முகம் மாறும். "ஏங்க, தறி மேல உக்காந்திருக்கற மாதிரி இருக்குது" என்பாள். ஈரோட்டுக்காரியின் உவமை வேறெப்படி இருக்கும்? இங்கே வீரப்பன்சத்திரம் பக்கம் விசைத்தறி ஓடும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் சுவரில் கை வைத்தாலே தெரியும்.

அவள் சொன்னது வெறும் உவமை இல்லை என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்கிறது என்றால், நொடிக்குப் பன்னிரண்டரை சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கும், ஆக நொடிக்கு 25 தட்டு. அது சீராக இருந்தால் உடம்பு கண்டுகொள்ளாது. ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பினால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தாளம் தப்பும். நொடிக்கு ஆறு சொச்சம் உலுக்கல். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 தடவை என்ற அளவில்தான். அதாவது இந்தக் கோளாறு சரியாக இடுப்பெலும்பைத் தேடி வந்து அடிக்கிறது. இதற்குப் பெயர் நார்மலாம்.

நார்மல் என்று ஒன்று இல்லாமலில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர், 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு முன்னும் பின்னும் ஊசலாடுவது பிறவிக்குணம். நான்கு சிலிண்டருக்கும் சுற்று கூடும்போது ஒரு பொடி நடுக்கம் உண்டு. ஆனால் பிறவிக்குணம் பிறந்த நாளிலிருந்து இருக்கும். மூன்று வாரத்துக்கு முன் வந்தது குணம் இல்லை, நோய். சந்தேகமிருந்தால் அதே மாடல் வைத்திருக்கும் தெரிந்தவர் வண்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், செலவில்லாத பரிசோதனை.

மவுண்ட்டை மாற்றிய கதைக்கு வருகிறேன், அதில்தான் எனக்கு மிகுந்த எரிச்சல். நான் சிறுவயதில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் வாத்தியார் ஒருவர் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். அதில் ஒரு சித்ரோஎன் கார் விளம்பரம். கம்பெனியின் இரட்டைக் கூர்க்குறியின் முன்னால் ஓர் அன்னம் நீந்தும். காருக்கும் அன்னத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "மொத்தேர் ஃப்ளொத்தான்" என்றார். மிதக்கும் என்ஜின். அதற்கு முன்பெல்லாம் என்ஜினைச் சட்டத்தோடு இறுக்கி முடுக்கிவிடுவார்கள், அதன் நடுக்கம் முழுக்க உட்கார்ந்தவர் பல்லில் தெரியும். 1931-ல் அமெரிக்காவில் க்ரைஸ்லர் கம்பெனி பிளிமத் காரில் என்ஜினை ரப்பரில் தொங்கவிட்டது. அடுத்த வருஷமே சித்ரோஎன் அந்த உரிமையை வாங்கி, அன்னத்தைப் பெருமையாக முன்னால் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நம் எல்லார் காரிலும் இருக்கும் என்ஜின் மவுண்ட் அந்த வம்சம்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. என்ஜின் ஆடாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆடட்டும், அந்த ஆட்டம் வண்டிக்குள் வராமல் இருக்கட்டும் என்றார்கள். தன் வழக்கமான ஆட்டத்தை ஆடும் என்ஜினுக்குத்தான் ரப்பர். ஒரு சிலிண்டர் படுத்துக்கிடக்கும் என்ஜினுக்குப் புது ரப்பர் போடுவது, இருமுகிற ஆளை மெத்தையில் படுக்க வைத்து இருமல் சத்தம் குறைந்ததா என்று கேட்பது போல. வெடித்த ரப்பரை மாற்றியது தப்பில்லை. அதுதான் காரணமா என்று பார்க்காமல் மாற்றியது தப்பு. ஒரு பாகம் கெட்டிருப்பது வேறு, அந்தப் பாகத்தால்தான் இந்தக் கோளாறு என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவன் கையில் ஸ்பானரும் கொடுக்கக்கூடாது, ஃபைலும் கொடுக்கக்கூடாது.

எஸ்டிமேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சூரம்பட்டிப் பக்கம் வேப்பமரத்தடியில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். அவர் முன்பு திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளின் கம்ப்ரஸருக்கு வேலை பார்த்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கூட அவர் மகன், பாலிடெக்னிக் முடித்தவன்.

"ஏனுங்க சார், எப்ப உதறுது?"

அதைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். டாஷ்போர்டில் மடித்தபடியே கிடந்த என் வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார்.

"ஓடறப்ப இல்ல, நின்னாத்தான்னு எழுதியிருக்கறீங்க. அப்ப டயரு, ஆக்சிலு எல்லாம் உட்டுடலாமுங்க. மிதிச்சா நிக்குதுங்கறீங்க. செரி, ஸ்லோவுல என்ன ஆகுதுன்னு பாப்போம்."

நம் மெக்கானிக்குகள் ஸ்லோ என்பதை பிரெஞ்சில் ரலாந்தி என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள், எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்ன சந்தோஷம்.

வண்டியை ஓடவிட்டு, காயில் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றினால் என்ஜின் தள்ளாடியது. இரண்டாவதும் அப்படியே. நான்காவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது பெரிய மாற்றமில்லை. வேலை செய்யாதவனை லீவில் அனுப்பினால் ஆபீஸ் எப்படி ஓடுமோ அப்படி ஓடியது. நோயாளி மூன்றாவது சிலிண்டர் என்று மூன்று நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அடுத்து, இரண்டாவதின் காயிலையும் பிளக்கையும் மூன்றாவதுக்கு மாற்றி, மூன்றாவதினுடையதை இரண்டாவதுக்குப் போட்டார். நோய் கூடவே நகரவில்லை, மூன்றாவதிலேயே இருந்தது. ஆக, காயிலும் இல்லை, பிளக்கும் இல்லை. நாலு காயில் மாற்றச் சொன்ன எஸ்டிமேட்டில் பாதி அந்த இடத்திலேயே செத்தது.

இதற்குள் பையன் ஒரு தீப்பெட்டி அளவு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான். சர்வீஸ் சென்டரிலும் ஸ்கேனர் போட்டார்கள், "கோடு ஒண்ணும் வரலை சார்" என்று மூடிவிட்டார்கள். இவன் கோடு பார்க்கவில்லை, எண்களைப் பார்த்தான். "அப்பா, ஸ்லோல பெட்ரோல பதினெட்டு பர்சன்ட் சேத்திக் குடுக்குது. ரெண்டாயிரத்தஞ்நூறுல மூணுதான்." அப்பா தலையாட்டினார். எங்கோ காற்று ஒழுகுகிறது, உள்ளே.

இது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. ஸ்லோவில் என்ஜினின் காற்றுக்கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டர்கள் இழுக்கும், காற்று வராது. அந்த உறிஞ்சு குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் அதன் வழியே கணக்கில் வராத காற்று புகும், பக்கத்துச் சிலிண்டருக்குப் பெட்ரோல் விகிதம் கெடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கதவு திறக்கிறது, பெரிய வழி இருக்கும்போது சின்ன ஓட்டைக்கு மதிப்பில்லை, உதறல் நின்றுவிடும். காலையில் குளிர்ந்த என்ஜினுக்குக் கம்ப்யூட்டரே கூடுதல் பெட்ரோல் கொடுக்கிறது, அதனால் அப்போது தெரியாது. என் வெள்ளைத்தாளில் இருந்த வரிகள் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டு மூன்று மாதமாக டாஷ்போர்டில் கிடந்திருக்கின்றன.

சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் பீய்ச்சிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நீர் பட்டதும் இரண்டு விநாடி என்ஜின் அமைதியானது. அப்படி ஓர் அமைதி, மரத்தில் குருவி கத்துவது கேட்டது. பிறகு மறுபடி உதறல். விரல் நீளத்துக்கு ஒரு வேக்குவம் ஹோஸ், அடிப்பக்கத்தில் வெடிப்பு. புது ஹோஸ் 60 ரூபாய். ரப்பர்தான், ஆனால் வேறு ரப்பர்.

ஸ்டியரிங் நடுக்கத்துக்கும் மருந்து அங்கேயே கிடைத்தது. புது மவுண்ட்டைப் போட்டவர்கள் என்ஜினை ஒரு பக்கம் இழுத்த நிலையிலேயே போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். இவர் கீழே ஜாக்கி கொடுத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, என்ஜினை இரண்டு ஆட்டு ஆட்டி, அதுவாக அதன் இடத்தில் உட்கார விட்டு, பிறகு முடுக்கினார். அன்னம் மிதந்தது.

மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம். கூலி எவ்வளவு என்றேன். "ஹோஸு அறுவது, ஒரு முந்நூறு குடுங்க சார்" என்றார்.

இப்போது என் எதிரி யார் என்று சொல்கிறேன். சர்வீஸ் சென்டர் என்று நினைத்திருப்பீர்கள். மூன்றாம் தடவை போனபோது அந்த அட்வைசர் தம்பியிடம் ஒரு டீ சாப்பிட்டுக்கொண்டே பேசியிருக்கிறேன். ஒரு வண்டிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு. மாற்றிய பாகத்துக்கு பில் உண்டு, மாற்றிய கூலிக்கு பில் உண்டு. யோசித்த நேரத்துக்கு பில்லில் இடமே இல்லை. ஒரு மணி நேரம் காரணம் தேடி 60 ரூபாய் ஹோஸ் போட்டால் அந்தப் பையனுக்குக் கெட்ட பெயர். தேடாமல் 26,800-க்கு மாற்றினால் நல்ல பெயர். அவன் என்ன செய்வான்?

அந்த ஏற்பாட்டை வளர்த்துவிட்டது நாம். 1990-களில் என் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் போனபோது ஒரு மெக்கானிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு கார்புரேட்டரில் ஒரு திருகைத் திருப்பினார், ஓடியது. ஐம்பது ரூபாய் கேட்டார். "ஒரு ஸ்க்ரூ திருப்பினதுக்கா ஐம்பது?" என்று சண்டை போட்டு இருபது கொடுத்தேன். அதே ஆள் அடுத்த தடவை கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார். நான் பேசாமல் கொடுத்தேன், கையில் பொருள் தெரிகிறதே! கழற்றிய பழைய பாகத்தைக் காட்டினால் நமக்குத் திருப்தி. டாக்டர் மாத்திரை எழுதாமல், ஒன்றுமில்லை போங்கள் என்றால் ஃபீஸ் கொடுக்க மனசு வராத அதே புத்தி.

இந்தப் புத்தி இந்த மண்ணுக்கு உரியதும் இல்லை. ஜி.டி.நாயுடு இளவயதில் கோயம்புத்தூர் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். ஏன் ஓடுகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர், 1937-ல் மின் மோட்டார் செய்யும் அளவுக்கு வந்ததற்கு அந்தக் கழற்றல்தான் ஆரம்பம். இன்றைக்கு அதே ஊர்களில் கழற்றுவது புதிதை மாட்டுவதற்காக மட்டும்.

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வு பெற்றவர், "பழைய காலத்து வேப்பமரத்தடி மெக்கானிக்கைப் புகழ்கிறீர்" என்கிறார். இல்லை. வேப்பமரத்தடியிலும் சுத்தியலால் அடித்துப் பார்க்கும் ஆட்கள் நிறைய உண்டு, நானே மாட்டியிருக்கிறேன். காற்று ஒழுகுகிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது செல்போன்தான், அனுபவம் இல்லை. மரமா, ஏ.சி. ஹாலா என்பது பேச்சில்லை. மாற்றுவதற்கு முன்னால் கண்டுபிடித்தார்களா என்பதுதான் பேச்சு. "அட விடுங்க, 26,000 ஒரு மாசப் பென்ஷன், கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே" என்றும் சொன்னார். கொடுத்திருந்தால் நிம்மதி வந்திருக்காது, ஹோஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. உதறலோடு ஓட்டியிருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் தீர்த்திருக்கும். அதன் விலையைக் கேட்டால் அவருக்கே அதிர்வு வரும்.

ஆகவே என் கோரிக்கை அட்வைசர் தம்பிகளிடம் இல்லை, உங்களிடம். வண்டி உதறினால் எப்போது உதறுகிறது, எப்போது உதறவில்லை என்று எழுதுங்கள், இரண்டாவதுதான் முக்கியம். அதே வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். உதறல் வேகத்தோடு நின்றால் சக்கரம், டயர் பக்கம். என்ஜின் சுற்றோடு போனால் என்ஜின் பக்கம். ஜாப் கார்டில் உங்கள் வரிகளை அப்படியே அடிக்கச் சொல்லி, அடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், இதுதான் காரணம் என்று எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள், வாயால் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள்: "தம்பி, கண்டுபிடிக்கறதுக்குத் தனியா ஆயிரம் ரூபா தர்றேன், பாகம் மாத்தாட்டியும் தர்றேன்."

நான் அன்றைக்கு வேப்பமரத்தடியில் ஆயிரத்து அறுபது கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். "மாத்தினது ஒரு ஹோஸுதானுங்களே" என்றார். மாற்றியதற்கு அறுபது, தேடியதற்கு ஆயிரம் என்று எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் வாங்கினார். பையன் அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

அந்த நண்பர் நேற்று போன் செய்தார். அவர் டீசல் வண்டி எழுபதில் போனால் குலுங்குகிறதாம், கிளட்ச் செட் மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம். மூன்றாம் கியரிலும் அதே எழுபதில்தான் குலுங்குகிறதா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். நாளைக் காலை பெருந்துறை ரோட்டில் கூட்டம் வருவதற்குள், ஆறு மணிக்கு, இரண்டு பேருமாகப் போகிறோம். பேனாவும் வெள்ளைத்தாளும் என் கையில்.